வெயிலுக்கும் மேகத்துக்கும் ஒரே ரோல்

கருப்பு வெள்ளை பிலிமின் முதல் குறை, அதற்குச் சிவப்பு தெரியாதது. வெள்ளி உப்பு இயல்பாக நீல ஒளிக்கு மட்டுமே இணங்கும். 1873இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்து அதைப் பச்சைக்கும் இணங்கச் செய்தார். இந்த வழியில் வந்ததே ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம். சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்தபடியே அதைக் கழுவலாம் என்பது ஸ்டுடியோக்காரர்களுக்குப் பெரிய வசதி. படத்திலோ உதடும் குங்குமமும் கறுத்துப்போயின. வெண்மேகம் வானத்தோடு கலந்து மறைந்தது. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. இருந்தும் வீட்டுப் படங்களுக்கென்று 1931இல் கோடக் விற்ற வெரிகுரோம் ஆர்த்தோவாகவே இருந்து, 1956இல்தான் பான் ஆயிற்று.

நிறத்தைவிடப் பெரிய கேள்வி வேகம், அதாவது ஒளியை உணரும் திறன். அதை ஏ.எஸ்.ஏ. எண்ணால் குறித்தார்கள். சாதாரணக் குடும்பத்துப் பெட்டிக் கேமராவில் ஷட்டர் வேகம் ஒன்றே. விநாடியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. துவாரமும் எஃப் 11 அளவில் நிலையாக இருக்கும். இதில் 100 ஏ.எஸ்.ஏ. பிலிமைப் போட்டால், உச்சி வெயிலில் தேவையைப் போல் நான்கு மடங்கு ஒளி விழும். மேகமூட்டத்தில் அளவு சரியாகிவிடும். நெகடிவ் பிலிம் மிகை ஒளியை நன்றாகத் தாங்கும், குறை ஒளியைத் தாங்காது. அதனால் ஒரே ரோல் இரண்டு பொழுதுக்கும் போதுமானதாயிற்று. அன்றாடப் படங்களின் வரலாற்றில் லென்ஸின் கூர்மையைவிட இந்தப் பொறுமையே அதிகம் உழைத்திருக்கிறது. பழைய ஏ.எஸ்.ஏ. எண்களிலும் இதே எச்சரிக்கை ஒளிந்திருந்தது: பாதுகாப்புக்காக வேகத்தைக் குறைத்தே அச்சிட்டார்கள். 1960இல் அந்த எண்ணைக் கணக்கிடும் விதி மாறியபோது, பிலிம் மாறாமலேயே கோடக்கின் ட்ரை-எக்ஸ் பிலிமின் எண் 200இலிருந்து 400 ஆனது.

இந்தியாவில் எந்த பிலிம் என்ற தேர்வைக் கடையே செய்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி சுருங்கியிருந்த காலம் அது. ரூபாய் வணிக உடன்பாட்டின் வழியே கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ பிலிம் தாராளமாக வந்தது. அதன் என்.பி. 22 என்ற பெயரில் உள்ள எண்ணே வேகம். ஜெர்மன் அளவுமுறையில் 22 டின் என்பது 125 ஏ.எஸ்.ஏ. உள்நாட்டு விடையாக, 1960இல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் உதகையில் தொடங்கப்பட்டது. பிலிமில் ஜெலட்டின் பூசும் வேலைக்குத் தூசியற்ற காற்றும் குளிர்ச்சியும் நல்ல நீரும் வேண்டும். நீலகிரியில் இவை கிடைத்தன. பிரெஞ்சு நிறுவனமான போஷேயின் தொழில்நுட்பத்துடன் 1967இல் உற்பத்தி தொடங்கியது. இந்து என்ற பெயரில் ரோல் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் வெளிவந்தன. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கும் இந்து நகர் என்றே பெயர். 120 ரோலில் சதுரமாக எடுத்தால் 12 படங்கள். கையிலுள்ள பணத்தைக் கணக்கிட்டுப் படமெடுத்தவர்களுக்கு அந்த 12இல் ஒன்றுகூட வீணாகக் கூடாது. சொந்த நாட்டு பிலிமை உருவாக்கிய அந்த உழைப்பு இன்னும் உரிய இடம் பெறவில்லை.

வண்ணத்தில் கோடாக்ரோம் ஸ்லைடு 1930களிலேயே வந்தது. ஆனால் ஒளி அளவில் சிறு பிழையையும் அது பொறுக்காது. கழுவும் முறையும் மிகச் சிக்கலானது. சாதாரண மக்களுக்கு ஏற்றது வண்ண நெகடிவே. 1972இல் கோடக் கொண்டுவந்த சி-41 கழுவுமுறையைப் பிற நிறுவனங்களும் பின்பற்றியதால், எந்த பிலிமையும் எந்தக் கடையிலும் கழுவ முடிந்தது. 1976இல் ஃபுஜி 400 வேகத்தில் வண்ண நெகடிவை விற்றது; அறைக்குள் நடக்கும் சடங்குகளையும் வண்ணத்தில் எடுப்பது எளிதானது. 1983இல் டப்பாவின் மேல் டி.எக்ஸ். குறியீடு வந்தபின், அதைப் படிக்கத் தெரிந்த கேமராக்கள் வேகத்தைத் தாமே அறிந்துகொண்டன.

கருப்பு வெள்ளையை நம்பியிருந்த உதகை ஆலை, வண்ணத்துக்குச் சந்தை மாறியதும் நலிந்தது. 1990களில் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, பிறகு மூடப்பட்டது. கோடாக்ரோம் உற்பத்தி 2009இல் நின்றது. ட்ரை-எக்ஸ் இன்றும் 400 என்ற எண்ணுடனேயே விற்கப்படுகிறது.