நெஸ் பெர்ஸ் மக்களின் புள்ளிக் குதிரை

1877-ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கம். பனி உருகி ஸ்னேக் ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. ஓரிகானின் வலோவா பள்ளத்தாக்கை 30 நாளில் காலி செய்ய வேண்டும் என்று அமெரிக்க ராணுவத் தளபதி ஹோவர்ட் கெடு விதித்துவிட்டார். தலைவர் ஜோசப்பின் தலைமையில், அங்கே வாழ்ந்த நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் குழந்தை குட்டிகளோடு ஆற்றில் இறங்கினார்கள். கால்நடைகளில் பலவற்றை வெள்ளம் கொண்டுபோனது.

குதிரைதான் அவர்களுக்குச் சொத்து. ஸ்பானியர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த குதிரை, பல குடிகளிடம் கைமாறி, 1730 வாக்கில் இவர்களை வந்தடைந்தது. பழக்கி ஏறியதோடு இவர்கள் நிற்கவில்லை. தேறாத ஆண் குதிரைகளுக்குக் காயடித்தார்கள். சோடையானவற்றை விற்றுக் கழித்தார்கள். மூன்று தலைமுறைக்குள் என்ன நடந்தது என்பதற்கு அப்பகுதி வழியே சென்ற அமெரிக்க ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸின் 1806-ஆம் ஆண்டு நாட்குறிப்பே சாட்சி. அப்பகுதிக் குதிரைகளின் உயரத்தையும் கட்டான உடலையும் வியந்த அவர், ஆங்கிலேயப் பந்தயக் குதிரைகளுக்கு அவற்றை ஒப்பிட்டார். வெள்ளைப் புள்ளி கொண்டவை அவற்றில் சில மட்டுமே என்றும் குறித்தார்.

இந்தக் குறிப்பு முக்கியமானது. இந்தக் குதிரை இனத்தின் இன்றைய பெயர் அப்பலூசா; அப்பலூசா என்றாலே புள்ளிதான். அதோடு இன்னும் சில அடையாளங்கள் உண்டு: மூக்கைச் சுற்றிப் பொட்டுப் பொட்டான தோல், குளம்பில் நெடுக்குக் கோடுகள், மனிதக் கண்போல விழியைச் சுற்றித் தெரியும் வெண்மை. எல்லாம் ஒரே மரபணுவின் வேலை. அதைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குட்டிக்கு இருட்டில் கண் தெரியாது. ஆனால், நெஸ் பெர்ஸ் மக்கள் தேடியது அழகை மட்டுமல்ல, சளைக்காத காலையும்தான்.

வெளியேற்றத்தைத் தொடர்ந்து 1877-இல் மூண்ட போரில் அந்தக் காலின் வலு தெரிந்தது. ஏறத்தாழ 800 பேர், ராணுவம் துரத்த, மலைகளைக் கடந்து சுமார் 1,900 கி.மீ. போனார்கள். களைத்த குதிரையை விட்டு மந்தையிலிருந்து வேறொன்றில் ஏறிக்கொள்ள அவர்களால் முடிந்தது. கனடா எல்லைக்கு 65 கி.மீ. தொலைவில், மொன்டானாவின் பேர் பா மலையருகே, தளபதி மைல்ஸின் படை முதலில் மந்தையைத்தான் மடக்கியது. குதிரை போனபின் ஓட வழியில்லை. அக்டோபர் 5-இல் ஜோசப் சரணடைந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் பறிபோயின. விற்றது போக, பலவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு மக்களின் நூறாண்டு உழைப்பை இப்படி அழித்ததற்கு எந்தப் போர் நியாயமும் பொருந்தாது.

1938-இல் கிளாட் தாம்சன் என்ற ஓரிகான் விவசாயி சங்கம் அமைத்து, எஞ்சியவற்றைத் திரட்டினார். அரேபியக் குதிரைகளும், பின்னர் குவார்ட்டர் குதிரைகளும் கலந்தன. புள்ளி பிழைத்தது, உடல்வாகு மாறியது. 1975-இல் ஐடஹோ அப்பலூசாவைத் தன் மாநிலக் குதிரையாக்கிக்கொண்டது.

1990-களில் ஐடஹோவின் நெஸ் பெர்ஸ் மக்களே மீண்டும் வளர்ப்பில் இறங்கினார்கள். துருக்மேனியப் பாலைவனத்தின் அகல்-டெகே குதிரைகளை அப்பலூசாவோடு சேர்த்தார்கள். மெலிந்த, நெடிய, தொலைதூரம் ஓடும் உடலே அவர்கள் இலக்கு. தங்கள் இளைஞர்களுக்கே அந்த வளர்ப்புப் பணியைக் கற்றும் கொடுத்தார்கள்.

(தொடரும்)