வைக்கோலின் மூன்று கூறுகள்: எரிபொருளும் வேதிப்பொருளும் ஒரே ஆலையில்

வைக்கோலை எரிபொருளாக்கும் முயற்சிகளை மதிப்பிடும்போது, ஒரு டன்னுக்கு எத்தனை லிட்டர் எத்தனால் என்ற கேள்வியே முன்னிற்கிறது. இந்த அளவுகோல் போதாது. எரிபொருளோடு விலைமதிப்புள்ள வேதிப்பொருள்களையும் சேர்த்துப் பிரிக்கும் ஆலையே நிலைக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலை 2022 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து ஏறத்தாழ 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது திட்டம். அதாவது டன்னுக்கு 150 லிட்டர். எடையில் 118 கிலோ. மீதி 880 கிலோவுக்கும் கணக்கு வேண்டும்.

வைக்கோலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செல்லுலோஸ். கால் பங்கை ஒட்டி ஹெமிசெல்லுலோஸ். அதனினும் குறைவாக லிக்னின். மேலும் சிலிக்கா மிகுந்த சாம்பல். செல்லுலோஸ் தரும் குளுக்கோஸ் 180 கிராம் முழுதும் நொதித்தாலும் 92 கிராம்தான் எத்தனால். 88 கிராம் கரியமில வாயு. ஹெமிசெல்லுலோஸ் தரும் சைலோஸையோ சாதாரண ஈஸ்ட் நொதிக்கச் செய்வதில்லை. அதற்கென மரபணு மாற்றிய ஈஸ்ட் வேண்டும்.

இங்கு ஒரு வினையைக் கூர்ந்து நோக்க வேண்டும். வைக்கோலை நீர்த்த அமிலத்தில் சூடாக்கும்போது வெப்பமோ நேரமோ மிகுந்தால், சைலோஸ் மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்து ஃபர்ஃப்யூரலாகிறது. வாதுமை மணமுள்ள இந்த நீர்மம் நொதிகலனில் கலந்தால் ஈஸ்ட் தளர்ந்துவிடும். எரிபொருள் ஆலை இதை நஞ்சென்று அஞ்சுகிறது. ஆனால் சைலோஸை முன்கூட்டியே பிரித்துத் தனிக் கலனில் ஃபர்ஃப்யூரலாக்கி, நீராவியோடு வடித்தெடுத்தால் அதுவே விற்பனைச் சரக்கு. அமெரிக்காவின் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1920களின் தொடக்கத்திலேயே ஓட்ஸ் உமியிலிருந்து இதை வணிக அளவில் தயாரித்தது. இன்று மக்காச்சோளச் சக்கையும் கரும்புச் சக்கையும் முக்கிய மூலப்பொருள்கள். மசகெண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் வார்ப்படச்சாலை மணல் அச்சுக்கான பிசினுக்கும் இது பயன்படுகிறது.

எத்தனாலை மட்டும் நம்பிய ஆலைகளின் அனுபவம் எச்சரிக்கை தருகிறது. அயோவா மாநிலத்தின் நெவாடா நகரில் மக்காச்சோளத் தட்டையை மூலப்பொருளாகக் கொண்டு டூபாண்ட் 2015இல் திறந்த ஆலையிலிருந்து 2017இலேயே விலக முடிவு செய்தது. கான்சாசின் ஹியூகோட்டனில் அபெங்கோவா 2014இல் திறந்த ஆலையும் நீடிக்கவில்லை. காரணங்கள் பல; ஆயினும் பெட்ரோலோடு போட்டியிடும் மலிவான சரக்கை மட்டுமே நம்பி இவ்வளவு செலவான முறையைத் தாங்குவது கடினம்.

வேதிப்பொருள் சந்தை சிறியது. எல்லோரும் ஃபர்ஃப்யூரல் செய்தால் விலை சரியும் என்பது நியாயமான மறுப்பு. அதனால்தான் எரிபொருளைக் கைவிடலாகாது என்கிறேன். அளவுக்கு எத்தனால், ஆதாயத்துக்கு வேதிப்பொருள் என்று இரண்டும் ஒன்றையொன்று தாங்க வேண்டும். ஓர் ஆலை ஃபர்ஃப்யூரல் செய்தால் மற்றொன்று அதே சைலோஸிலிருந்து சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி செய்யலாம். லிக்னினுக்குத் தக்க சந்தை அமையும்வரை அது கொதிகலனுக்கு எரிபொருளாகட்டும்.

நெற்பயிர் எடுத்த சாம்பல்சத்தின் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. ஆகவே கொதிகலன் சாம்பல் வயலுக்குத் திரும்ப வேண்டும். வைக்கோல் தந்த உழவருக்கு வேதிப்பொருள் வருவாயிலும் பங்கு வேண்டும். நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே சில வாரங்களே உள்ள பஞ்சாப், அரியானா உழவர் வைக்கோலை வயலிலேயே கொளுத்தாமல் இருக்க, அதற்கு நல்ல விலை கிடைப்பதே உறுதியான வழி. அந்த விலையை எத்தனால் மட்டும் தந்துவிடாது.