பொகோரோ கிராமமும் ஹேக் நீதிமன்றமும்

கொங்கோ ஜனநாயகக் குடியரசின் வடகிழக்கு மூலையில், உகண்டா எல்லையை அண்டி அமைந்திருப்பது இத்தூரி. பொன்னும் காடும் மேய்ச்சல் நிலமும் நிறைந்த பூமி. அங்கு 1999ஆம் ஆண்டு தொடங்கி 2003 வரை நீடித்த போரில் 50,000க்கும் அதிகமானோர் மாண்டதாகக் கணிக்கப்படுகின்றது. மாடு வளர்க்கும் ஹேமா இனத்தவருக்கும் பயிர் செய்யும் லெண்டு இனத்தவருக்கும் இடையிலான காணித் தகராறு பழையது. ஹேமாக்களுக்குச் சலுகை காட்டிய பெல்ஜிய காலனி ஆட்சி அதை ஆழமாக்கியது. உகண்டா இராணுவம் உள்ளே நுழைந்து ஆயுதங்கள் பெருகியபோது, தகராறு இனப்படுகொலையின் விளிம்புக்கே சென்றது.

2003 பெப்ரவரி 24ஆம் திகதி அதிகாலையில், லெண்டு, ஙிட்டி ஆயுதக்குழுக்கள் பொகோரோ என்ற கிராமத்தைச் சூழ்ந்துகொண்டன. புனியா நகரிலிருந்து அல்பேர்ட் ஏரிக்குச் செல்லும் பாதையில் இருந்த அக்கிராமத்தில் ஹேமா குழுவின் முகாம் ஒன்று இருந்தது உண்மை. ஆனால் தாக்கியவர்கள் முகாமோடு நின்றுவிடவில்லை. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். பாடசாலைக் கட்டடத்தில் தஞ்சம் புகுந்தோரும் தப்பவில்லை. சுமார் 200 பொதுமக்கள் கொல்லப்பட்டதாகப் பின்னர் குற்றப்பத்திரம் கூறியது.

போர் ஓய்ந்தபின் நடந்தது என்ன? பொகோரோ தாக்குதலில் தொடர்புபட்ட ஜேர்மைன் கட்டங்கா, 2004 இறுதியில் கொங்கோ இராணுவத்தில் ஜெனரலாக்கப்பட்டார். சமாதானத்தின் பெயரால் ஆயுதக்குழுத் தலைவர்களுக்குப் பதவி வழங்கும் வழக்கம் அங்கு இருந்தது. 2005 பெப்ரவரியில் ஐ.நா. அமைதிப்படையைச் சேர்ந்த ஒன்பது பங்களாதேஷ் வீரர்கள் கொல்லப்பட்ட பின்னரே கைதுகள் தொடங்கின.

அதற்கு முன்னரே கொங்கோ அரசு, 2002 ஜூலையில் உயிர்பெற்ற சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்திடம் விடயத்தை 2004இல் ஒப்படைத்திருந்தது. அந்த நீதிமன்றத்தின் முதல் கைதியாக 2006 மார்ச்சில் ஹேக் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டவர், ஹேமா குழுவான கொங்கோ தேசபக்தர் ஒன்றியத்தின் தலைவர் தோமஸ் லுபங்கா. 15 வயதுக்குக் குறைந்த சிறுவர்களைப் படையில் சேர்த்தமையும் அவர்களைச் சண்டையில் ஈடுபடுத்தியமையுமே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள். கொலைகளும் பாலியல் வன்முறைகளும் குற்றப்பத்திரத்தில் இடம்பெறவில்லை. பாதுகாப்பற்ற சூழலில், வழக்குத் தொடுநர் அலுவலகம் உள்ளூர் இடைத்தரகர்களை நம்பியே சாட்சிகளைத் திரட்டியது. அவ்வழியே வந்த பல சாட்சியங்களை நீதிபதிகள் ஏற்க மறுத்தனர். 2012 மார்ச் 14இல் வந்த தீர்ப்பு அந்நீதிமன்றத்தின் முதலாவது தீர்ப்பாகும். தண்டனை 14 ஆண்டுகள்.

பொகோரோ வழக்கின் கதி இதனிலும் சிக்கலானது. கட்டங்காவுடன் ஒன்றாக விசாரிக்கப்பட்ட மத்தியூ நுஜோலோ 2012 டிசம்பரில் விடுதலையானார். முக்கிய சாட்சிகள் நம்பகமற்றவர்கள் என்று கண்ட நீதிபதிகள், எதிரி வாழ்ந்த இடங்களுக்கே புலனாய்வாளர்கள் சென்றிருக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டினர். இவ்விடுதலை, அன்று அந்த மக்களுக்கு நேர்ந்ததை மறுப்பதாகாது என்றும் கூறிவைத்தனர். 2014இல் கட்டங்கா குற்றவாளியாகக் காணப்பட்டார். ஆனால் ஆயுதங்கள் கிடைக்கச் செய்து துணைநின்றவர் என்ற அளவில் மட்டுமே. ஒரு நீதிபதி அதற்கும் உடன்படவில்லை. தண்டனை 12 ஆண்டுகள். அக்கிராமத்துப் பெண்கள்மீது நடந்த வன்புணர்வுக்கும் பாலியல் அடிமைத்தனத்துக்கும் அவர் பொறுப்பென்பது நிரூபிக்கப்படவில்லை.

இவற்றோடு ஒப்பிடவேண்டியது பொஸ்கோ என்டகண்டாவின் வழக்கு. லுபங்காவின் அதே படையில் உயர் தளபதியாக இருந்தவர் இவர். பிடியாணை இருந்தும் கோமா நகரில் ஜெனரல் சீருடையில் பகிரங்கமாக உலவியவர், 2013 மார்ச்சில் ருவாண்டாவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குத் தாமாகவே சென்று சரணடைந்தார். இம்முறை குற்றப்பத்திரம் விரிவாக இருந்தது. கொலை, வன்புணர்வு, பாலியல் அடிமைத்தனம், கட்டாய இடப்பெயர்வு என 18 குற்றங்கள். தமது படையிலேயே சேர்க்கப்பட்ட சிறுமிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையும் அவற்றுள் அடங்கும். 2019இல் அனைத்திலும் குற்றவாளியாகக் காணப்பட்டு 30 ஆண்டுத் தண்டனை பெற்றார். ஒரே போர், ஒரே படை. தலைவருக்கு 14 ஆண்டுகள், அவருக்குக் கீழிருந்தவருக்கு 30 ஆண்டுகள். இந்த வேறுபாட்டுக்குப் பெருங் காரணம், எதை விசாரிப்பது என்று வழக்குத் தொடுநர் எடுத்த முடிவே.

கூண்டில் ஏறாதவர்களையும் நாம் மறந்துவிடலாகாது. இத்தூரியில் ஆக்கிரமிப்பு வல்லரசாக இருந்த உகண்டா சர்வதேச சட்டத்தை மீறியது என 2005இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2022இல் 32.5 கோடி டொலர் இழப்பீட்டையும் நிர்ணயித்தது. அது அரசுகளுக்கிடையிலான வழக்கு. உகண்டா இராணுவ அதிகாரி எவரும் இதற்காகக் குற்றவியல் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படவில்லை. பொறுப்பு ஆயுதக்குழுத் தலைவர்களோடு நின்றுபோனது.

பாதிக்கப்பட்டோருக்குக் கிடைத்தது என்ன? பொகோரோ வழக்கில் 297 பேருக்குத் தலா 250 டொலர் அடையாள இழப்பீடும், வீட்டு வசதி, கல்வி, உளநல உதவி போன்ற கூட்டு நிவாரணங்களும் 2017இல் அறிவிக்கப்பட்டன. பெற்றோரை இழந்தவருக்கு 250 டொலர் எம்மட்டு? எனினும் அந்த 297 பேரின் இழப்பு ஒவ்வொன்றும் தனித்தனியே ஆராயப்பட்டு நீதிமன்ற ஏட்டில் ஏறியது. முன்னர் எந்த அரசும் அவர்களிடம் அதைக் கேட்டதில்லை.

2020இல் தண்டனை முடித்து வெளிவந்த லுபங்கா, பின்னர் அரசின் சமாதானத் தூதுக்குழுவில் சேர்க்கப்பட்டார். 2025இல் கொங்கோ அரசுக்கு எதிராகப் புதியதோர் ஆயுத இயக்கத்தை அறிவித்தார். தண்டனையால் மட்டும் போர் நின்றுவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும் இத்தூரி ஒரு பாடத்தைத் தந்திருக்கின்றது. நீதிமன்றம் தன்முன் வைக்கப்பட்டதை மட்டுமே பார்க்கும். உரிய காலத்தில் பதியப்படாத வாக்குமூலம், அடையாளம் காணப்படாத புதைகுழி, குற்றப்பத்திரத்தில் எழுதப்படாத கொடுமை ஆகியன அதன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவற்றைப் பதிந்துவைக்கும் பணி, நீதிபதிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, சம்பவம் நடந்த ஊரிலேயே தொடங்கவேண்டியதாகும்.