கப்பல் சேர்ந்தது, சரக்கு சேர்ந்ததா? 1942 மால்டா முற்றுகை குறித்து ஒரு மறுபார்வை

1942 ஆகஸ்டில் மால்டாவுக்குச் சென்ற ‘பெடஸ்டல்’ கப்பலணியைக் குறிப்பிடாத மத்தியதரைக் கடற்போர் வரலாறு அரிது. புறப்பட்ட 14 வணிகக் கப்பல்களில் 5 மட்டுமே தீவை அடைந்தன. ‘ஈகிள்’ விமானந்தாங்கிக் கப்பலும், ‘கெய்ரோ’, ‘மான்செஸ்டர்’ என்னும் இரு குரூசர்களும், ‘ஃபோர்சைட்’ என்னும் நாசகாரியும் மூழ்கின. இத்தாலியத் தரப்பு இதைத் தன் வெற்றியாகப் பார்க்கிறது. தீவு வீழாததால் பிரித்தானியத் தரப்பும் தன் வெற்றி என்கிறது. இரு தரப்பின் கணக்கும் துறைமுக வாயிலோடு நின்றுவிடுகிறது. பட்டினியில் கிடந்த தீவைக் காத்தது கிடங்கில் ஏறிய மாவும் எரிபொருளும் குண்டுகளும்தான். ஆகவே கப்பலணியின் வெற்றியை இறக்கப்பட்ட சரக்கைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

இதற்கு முதற்சான்று அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே கிடைக்கிறது. அலெக்சாந்திரியாவிலிருந்து ஏறத்தாழ 26,000 டன் சரக்குடன் நான்கு கப்பல்கள் புறப்பட்டன. மார்ச் 22-இல் சிர்ட்டே வளைகுடாவுக்கு அப்பால் அட்மிரல் வியான், தம்மினும் வலிய இத்தாலியக் கடற்படையைப் புகைத்திரையாலும் டார்பிடோ மிரட்டலாலும் தடுத்து நிறுத்தினார். கடற்போர்க் கலைக்கு அது ஓர் அரிய எடுத்துக்காட்டு. மறுநாள் ‘டாலபாட்’, ‘பம்பாஸ்’ இரண்டும் கிராண்ட் ஹார்பருக்குள் நுழைந்தன. ‘கிளான் காம்ப்பெல்’ தீவை நெருங்கும்போதே மூழ்கியது. அடிபட்ட ‘பிரெக்கன்ஷயர்’ மார்சஷ்லோக் விரிகுடா வரை இழுத்துவரப்பட்டும் தப்பவில்லை. துறைமுகத்துக்குள் வந்த இரு கப்பல்களும் மூன்றாம் நாள், மார்ச் 26 அன்று, நின்ற இடத்திலேயே குண்டுவீச்சுக்கு இரையாயின. மொத்தச் சரக்கில் தீவுக்குக் கிடைத்தது சுமார் 5,000 டன்.

அந்த மூன்று நாட்களில் இறக்கும் வேலை மந்தமாகவே நடந்தது. இராணுவத்தினரை முதலிலேயே முழு அளவில் வேலைக்கு இறக்காதது நிர்வாகத்தின் குற்றம். பழியைச் சுமைத்தொழிலாளர் மேல் போட்டவர்களும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. தலைக்கு மேல் குண்டு விழ, வீட்டில் பிள்ளைகள் பதுங்குகுழியில் கிடக்க, வெடிமருந்து நிறைந்த சரக்கறைக்குள் இறங்கி வேலை செய்தவர்கள் அவர்கள். அவர்களுக்குத் துணையாளும் பாதுகாப்பும் ஏற்பாடு செய்திருக்க வேண்டியது அரசு.

விமானங்களின் கதையும் இதுவே. ஏப்ரல் 20-இல் ‘வாஸ்ப்’ கப்பலிலிருந்து பறந்துவந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்களில் பெரும்பாலானவை, சில நாட்களுக்குள் பெருமளவு தரையிலேயே அழிந்தன. மே 9-இல் வந்தவற்றுக்கோ எரிபொருளும் குண்டும் விமானியும் ஓடுதளத்து ஓரத்திலேயே காத்திருந்தன; சில நிமிடங்களில் அவை மீண்டும் வானேறின. மறுநாள் வந்த ‘வெல்ஷ்மன்’ கப்பலைப் புகைத்திரையால் மூடி, சில மணி நேரத்தில் சரக்கை இறக்கி, அன்றே திருப்பி அனுப்பினார்கள்.

ஜூனில் ஜிப்ரால்டர் வழியாக வந்த ‘ஹார்பூன்’ அணியில் ஆறில் இரண்டே கப்பல்கள், ‘ட்ராய்லஸ்’, ‘ஒராரி’, பிழைத்தன. கிழக்கிலிருந்து கிளம்பிய ‘விகரஸ்’ அணி பாதியிலேயே திரும்பிவிட்டது. கப்பல் எண்ணிக்கைப்படி ஜூன் ஒரு படுதோல்வி. ஆனால் துறைமுகத்துக்குள் வந்த கப்பல்கள் மார்ச்சிலும் இரண்டு, ஜூனிலும் இரண்டு. மார்ச்சில் கரையேறியது 5,000 டன், ஜூனில் சுமார் 15,000 டன். மே மாதத்து ஸ்பிட்ஃபயர்களே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று ஒரு மறுப்பு எழலாம். அதில் பேருண்மை உண்டு. வான்காப்பு இல்லாமல் எந்தக் கிரேனும் இயங்கியிராது. ஆனால் அந்த விமானங்களே வரவேற்பு ஏற்பாட்டினால்தான் பிழைத்தன என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆகஸ்டில் இந்தப் பாடம் சரக்கு ஏற்றும்போதே தெரிந்தது. ஒரு கப்பல் போனால் ஒரு பண்டமே இல்லாமல் போய்விடக் கூடாதென்று மாவு, வெடிமருந்து, டின்னில் அடைத்த விமான பெட்ரோல் எல்லாவற்றையும் கப்பல்தோறும் பிரித்து ஏற்றினார்கள். இதற்குக் கொடுத்த விலை கொடிது. ஆகஸ்ட் 13 காலை ‘வைமராமா’ குண்டுபட்டு வெடித்தபோது கடலே எரிந்தது. ‘லெட்பரி’ நாசகாரி அத்தீக்குள் புகுந்து ஆட்களை மீட்டது. அன்று மூன்று கப்பல்களும் மறுநாள் ‘பிரிஸ்பேன் ஸ்டா’ரும் சேர்ந்தன. டார்பிடோ பட்டு, இயந்திரம் நின்று, இருபுறமும் நாசகாரிகள் அணைத்துத் தாங்க, எண்ணெய்க் கப்பல் ‘ஒஹாயோ’ ஆகஸ்ட் 15 அன்று, மால்டா மக்கள் கொண்டாடும் மாதா திருநாளில், உள்ளே வந்தது. நான்கு சரக்குக் கப்பல்களிலிருந்து சுமார் 32,000 டன் இறங்கியது. ‘ஒஹாயோ’விலிருந்து 10,000 டன்னுக்கு மேல் எரிபொருள் கிடைத்தது. இறங்க இறங்கச் சரக்கைத் தீவெங்கும் பிரித்து வைத்தார்கள். மார்ச்சில் நேர்ந்தது மீண்டும் நேரவில்லை.

அதற்காக ஆகஸ்டோடு முற்றுகை முடிந்தது என்று எழுதுவதும் பிழை. பசி நீடித்தது. ‘வெற்றிச் சமையற்கூடங்கள்’ எனப்பட்ட பொதுச் சமையற்கூடங்களை நம்பியவர்களின் தொகை அதன் பிறகுதான் மேலும் பெருகியது. பெடஸ்டல் வாங்கித் தந்தது சில மாத அவகாசம். எல் அலமெய்ன் போருக்குப் பின் சிரெனைக்காவின் விமானத் தளங்கள் கைமாறின. நவம்பர் 20-இல் ‘ஸ்டோன்ஏஜ்’ அணியின் நான்கு வணிகக் கப்பல்களும் முழுமையாகத் துறைமுகம் சேர்ந்தன. முற்றுகை அன்றுதான் உடைந்தது.