பள்ளி வாசலில் ஒரு முறையீடு



‘இடமில்லை’ என்று பள்ளிக்கூடம் சொல்லிவிட்டால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பிவிடுவதே நம் தோட்டப்புறத்துப் பெற்றோர் பலருக்கு வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. துரை சொன்னதற்கும் கிராணி எழுதியதற்கும் மறுபேச்சில்லை என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய மக்களிடம் இந்த அச்சம் இருப்பதில் வியப்பில்லை. ஆயினும், தம் பிள்ளையின் படிப்பைப் பற்றிய முடிவை, ‘எந்த விதியின்படி இந்த முடிவு?’ என்று கேட்டு மேலே முறையிட்ட பெற்றோர் உலகில் உண்டு. அவர்களுள் இரண்டு குடும்பங்களின் வரலாற்றை இன்று காண்போம். இரண்டும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அறுபது ஆண்டு இடைவெளியில் நடந்தவை. ஒன்று சீனக் குடும்பம். மற்றொன்று மெக்சிகோ வழி வந்த உழவர் குடும்பம்.

சீனர்கள் கலிபோர்னியாவுக்கு எப்படி வந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். 1849ஆம் ஆண்டையொட்டி அங்கே தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி பரவியபோது தென்சீனத்தின் குவாங்டொங் மாநிலத்து ஏழைகள் கப்பலேறினார்கள். பிறகு மலைகளைக் குடைந்து இரயில் பாதை போடும் வேலைக்கு ஆயிரக்கணக்கில் அமர்த்தப்பட்டார்கள். 1869இல் பாதை முடிந்தது. வேலை முடிந்ததும் வேலைக்காரர் வேண்டாதவர் ஆனார்கள். இந்தக் கதை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய கதையன்று. நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிக்கொண்டிருந்ததும் ஏறத்தாழ அதே காலம்தான்.

சான் பிரான்சிஸ்கோ நகரில் சீனப் பிள்ளைகளுக்கென்று நடந்த ஒரே அரசாங்கப் பள்ளியை 1871இல் மூடினார்கள். 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரக்கூடாது என்றே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்நகரத்துச் சீனர்கள் வரி மட்டும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வரியால் நடந்த பள்ளிகளில் அவர்கள் பிள்ளைகளுக்கு இடமில்லை.

அந்த நகரில்தான் ஜோசப் டேப், மேரி டேப் என்ற தம்பதியர் வாழ்ந்தார்கள். இருவரும் சீனத்தில் பிறந்து, சிறு வயதிலேயே தனியாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர்கள். ஜோசப் வீட்டு வேலை செய்து, பால் வண்டி ஓட்டி, பிறகு சொந்தமாகச் சரக்கு வண்டித் தொழில் நடத்தியவர். மேரி பதினோரு வயதில் வந்த அநாதைச் சிறுமி. ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் ஆங்கிலம் கற்று வளர்ந்தார். 1875இல் இருவரும் மணந்துகொண்டார்கள். மறு ஆண்டு மூத்த மகள் மேமி பிறந்தாள். சீனர் குடியிருப்பை விட்டு, வெள்ளையர் வாழும் பகுதியில் குடியிருந்தார்கள். வீட்டில் ஆங்கிலம், மேமியின் விளையாட்டுத் தோழர்கள் எல்லாரும் வெள்ளையர் பிள்ளைகள். வசதியில் இவர்களை நம் லயத்துக் குடும்பங்களோடு ஒப்பிட முடியாது. ஆனால் பள்ளி வாசலில் அந்த வசதி ஒன்றும் உதவவில்லை.

1884 செப்டம்பர் மாதம். எட்டு வயது மேமியைப் பெற்றோர் பக்கத்தில் இருந்த ஸ்பிரிங் வேலி தொடக்கப்பள்ளிக்கு அழைத்துச் சென்றார்கள். தலைமையாசிரியை ஜென்னி ஹர்லி, பிள்ளை சீனப் பிள்ளை என்பதால் சேர்க்க மறுத்தார். அவர் தாமாக எடுத்த முடிவு அன்று அது. நகரக் கல்வி மேலதிகாரி ஆண்ட்ரூ மோல்டரின் போக்கும் கல்விக் கழகத்தின் போக்கும் அதுவே.

இனி நடந்ததைப் படிப்படியாகக் கவனியுங்கள். ஜோசப் வாசலில் நின்று சண்டை போடவில்லை. சீனத் தூதரகத்தை நாடினார். தூதரகத்திலிருந்து மோல்டருக்கு எழுத்து மூலம் ஒரு கடிதம் போயிற்று: இந்த நாட்டில் பிறந்த பிள்ளையை எந்தச் சட்டத்தின்படி விலக்குகிறீர்கள்? கேள்வி எழுத்தில் வந்துவிட்டதால் பதிலும் எழுத்தில் வர வேண்டியதாயிற்று. கல்விக் கழகம் கூடியது. எட்டுப் பேர் சேர்க்கக்கூடாது என்றும், மூன்று பேர் சேர்க்கலாம் என்றும் வாக்களித்தார்கள். சீனப் பிள்ளையைச் சேர்க்கும் ஆசிரியருக்கு வேலை போகும் என்றும் தீர்மானித்தார்கள். இதனால் டேப் குடும்பத்துக்கு ஒரு நன்மை விளைந்தது. மறுப்பு யாருடையது, காரணம் என்ன என்பது ஊரறியப் பதிவாகிவிட்டது. அதை வைத்து வழக்கறிஞர் வில்லியம் கிப்சன் நீதிமன்றம் போனார்.

சட்டம் என்ன சொன்னது? 1880இல் திருத்தப்பட்ட கலிபோர்னியாக் கல்விச் சட்டம், வட்டாரத்தில் வாழும் ஆறு முதல் இருபத்தொரு வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்திருக்க வேண்டும் என்றது. அழுக்கான பழக்கமோ, தீய பழக்கமோ, தொற்றுநோயோ உள்ள பிள்ளைகளை மட்டுமே விலக்கலாம். மேமியிடம் இவற்றில் எதுவும் இல்லை. 1885 ஜனவரி 9ஆம் நாள் நீதிபதி ஜேம்ஸ் மகுவயர் டேப் குடும்பத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். பெற்றோரிடம் வரியை வாங்கிக்கொண்டு பிள்ளைக்குக் கல்வியை மறுப்பது அநீதி என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். கல்விக் கழகம் மேல்முறையீடு செய்தது. மார்ச் மாதம் மாநில உயர்மட்ட நீதிமன்றமும் அதே தீர்ப்பை உறுதி செய்தது.

வெற்றி கிடைத்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மோல்டர் சும்மா இருக்கவில்லை. தோற்கப் போகிறோம் என்பதை முன்பே கணித்து, சட்டத்தையே மாற்றும் வேலையில் இறங்கியிருந்தார். மாநிலச் சட்டமன்றத்துக்குத் தந்தி பறந்தது. சீனர், மங்கோலிய இனத்தவர் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி அமைக்கலாம், அப்படி அமைத்தபின் அவர்களை வேறு பள்ளியில் சேர்க்கக்கூடாது என்று ஒரு சட்டம் அவசர அவசரமாக நிறைவேறியது. நீதிமன்றத்தில் தோற்றவர் சட்டமன்றத்தில் வென்றுவிட்டார்.

தனிப்பள்ளி இன்னும் திறக்கவில்லை. ஆகவே ஏப்ரல் 7ஆம் நாள் பெற்றோர் மேமியையும் இரண்டு வழக்கறிஞரையும் அழைத்துக்கொண்டு ஸ்பிரிங் வேலிக்கு மீண்டும் சென்றார்கள். இம்முறை தலைமையாசிரியை இனத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அம்மைக் குத்தியதற்குச் சான்றிதழ் எங்கே என்றார். வகுப்பில் பிள்ளைகள் நிறைந்துவிட்டார்கள், பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் எழுதி வைக்கிறோம் என்றார். ஒரு காகிதக் குறையால் சில நாள்கள் கழிந்தன. அந்தச் சில நாள்கள் போதுமானவையாய் இருந்தன.

பிறப்புப் பத்திரத்தை, நாம் பேச்சில் சொல்லும் ‘சூரா’வை, தகரப் பெட்டியின் அடியில் துணியில் சுற்றி வைக்கும் நம் தாய்மார்களின் பழக்கம் எவ்வளவு நல்லது என்று இந்த இடத்தில் நமக்குத் தோன்றுகிறது. அதோடு தடுப்பூசி அட்டையும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. பெரிய காரணத்தைச் சொல்ல முடியாதவர்கள் சிறிய காரணத்தைத் தேடுவார்கள்.

மறுநாள் மேரி டேப் கல்விக் கழகத்துக்குத் தம் கையாலேயே ஒரு கடிதம் எழுதினார். அது நகரத்து நாளேடு ஒன்றில் அப்படியே அச்சாயிற்று. இலக்கணப் பிழைகள் நிறைந்த ஆங்கிலம். ஆனால் பொருளில் ஒரு பிழையும் கிடையாது. சீனராகப் பிறப்பது ஓர் இழிவா என்று கேட்டார். ஒரு குழந்தையை இப்படித் துரத்துகிறவர்கள் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டார். நீங்கள் அமைக்கும் சீனப் பள்ளிக்கு என் மகள் ஒருபோதும் வரமாட்டாள் என்றும் எழுதினார். மொழி திருத்தமாக வராது என்று தயங்கி எழுதாமல் இருப்பவர்களுக்காகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். அன்று திருத்தமான ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கல்விக் கழகத் தீர்மானத்தை வரலாற்று ஆசிரியர்களைத் தவிர யாரும் படிப்பதில்லை. மேரியின் கடிதத்தை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள்.

ஏப்ரல் 13ஆம் நாள், சீனர் குடியிருப்பில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் சீனத் தொடக்கப்பள்ளி திறந்தது. முதல் நாளே அங்கே வந்த பிள்ளைகளில் மேமியும் அவள் தம்பி பிராங்கும் இருந்தார்கள். மேரி ஒருபோதும் அனுப்பமாட்டேன் என்று எழுதிய சில நாள்களிலேயே இது நடந்தது. அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டே போகும்போது தாய் எத்தனை நாள் காத்திருப்பாள்? டேப் குடும்பம் தோற்றது என்று சொல்வோர் உண்டு. பாதி உண்மைதான். பதினான்கு ஆண்டுகளாக அரசாங்கப் பள்ளியே இல்லாதிருந்த சீனப் பிள்ளைகளுக்கு, ஒரு குடும்பத்தின் வழக்கால் ஒரு பள்ளி கிடைத்தது என்பது மற்றப் பாதி.

தனியிடத்தில் குறைந்த கல்வி என்பதை நாமும் அறிவோம். ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தியாக வேண்டும். அச்சட்டத்தால் பள்ளிகள் எழுந்தன. ஆனால் பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, கணக்கெழுதத் தெரிந்த ஒருவர் அல்லது கங்காணி ஆசிரியர் என்ற அளவிலேயே அவை நின்றன. அங்கிருந்து அடுத்த பள்ளிக்கு வழி இருந்ததா என்பதைச் சட்டம் கேட்கவில்லை.

இனி இரண்டாவது குடும்பத்துக்கு வருவோம். கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டம் பழத்தோட்டங்கள் நிறைந்த பகுதி. அங்கே பழம் பறித்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வழி வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ‘மெக்சிகன் பள்ளி’ என்று தனிப் பள்ளிகள் இருந்தன. கொன்சாலோ மெண்டஸ், பெலிசிட்டாஸ் என்ற தம்பதியர் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊரில் ஒரு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டார்கள். அந்தப் பண்ணை, போர்க்காலத்தில் முகாமில் அடைக்கப்பட்ட ஒரு ஜப்பானியக் குடும்பத்துக்குச் சொந்தமானது.

பிள்ளைகளைச் சேர்க்கக் கொன்சாலோவின் சகோதரி போனார். தம் பிள்ளைகளையும் சகோதரரின் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துச் சென்றார். அவர் பிள்ளைகள் சற்றுச் சிவந்த நிறம்; குடும்பப் பெயரும் பிரெஞ்சுப் பெயர்போல ஒலிக்கும். அவர்களைச் சேர்த்துக்கொள்கிறோம், கறுத்த நிறமுடைய மெண்டஸ் பிள்ளைகள் மெக்சிகன் பள்ளிக்குப் போகட்டும் என்றார்கள். அத்தை என்ன செய்தார் தெரியுமா? தம் பிள்ளைகளையும் சேர்க்காமல் எல்லாரையும் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்.

பெற்றோர் முறையிட்டபோது ஒரு சமாதானம் வந்தது: மெண்டஸ் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்கிறோம், மற்ற மெக்சிகன் பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டாம். கொன்சாலோ மறுத்துவிட்டார். நம் பிள்ளைக்கு இடம் கிடைத்தால் போதும் என்று ஒதுங்கிக்கொள்ள அவருக்கு நல்ல வாய்ப்பு. அந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். அவர் பக்கத்து ஊர்களுக்குப் போய் வேறு நான்கு தந்தையரைச் சேர்த்துக்கொண்டார். 1945 மார்ச் மாதம், ஐந்து தந்தையரும் தம் பிள்ளைகளுக்காகவும் ஏறத்தாழ ஐயாயிரம் பிற பிள்ளைகளுக்காகவும் நான்கு கல்வி வட்டாரங்கள்மேல் வழக்குத் தொடுத்தார்கள். வேலை போய்விடும் என்று அஞ்சிச் சாட்சி சொல்லத் தயங்கியவர்கள் இருந்தார்கள். பெலிசிட்டாஸ் பண்ணையைக் கவனித்துக்கொள்ள, கொன்சாலோ வழக்கறிஞர் டேவிட் மார்க்கஸோடு ஊர் ஊராக அலைந்தார்.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால்தான் தனிப் பள்ளி என்று அதிகாரிகள் வாதிட்டார்கள். ஆங்கிலம் தெரியுமா என்று முறையாகத் தேர்வு வைத்தீர்களா என்ற கேள்விக்கு அவர்களிடம் தக்க விடையில்லை. பெயரையும் நிறத்தையும் பார்த்தே பிரித்தார்கள் என்பது வெளிப்பட்டது. 1946 பிப்ரவரியில் பெற்றோர் வென்றார்கள். 1947 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சீனர், ஜப்பானியர் முதலியோரைத் தனிப்பள்ளிக்கு அனுப்பலாம் என்று மாநிலச் சட்டம் கூறுகிறது, மெக்சிகர் அந்தப் பட்டியலில் இல்லையே என்பது அந்நீதிமன்றம் காட்டிய முக்கியக் காரணங்களில் ஒன்று.

அந்தப் பட்டியல், மோல்டரின் தந்தியால் 1885இல் பிறந்த சட்டத்தின் வழிவந்ததுதான். இப்போது அது எல்லார் கண்ணிலும் உறுத்தியது. மெக்சிகன் பிள்ளை போகலாம், சீனப் பிள்ளை போகக்கூடாது என்று எப்படிச் சொல்வது? அதே ஆண்டு சட்டமன்றம் அப்பகுதியை நீக்கியது. கையொப்பமிட்ட ஆளுநர் ஏர்ல் வாரன். பின்னர் 1954இல், அமெரிக்கா முழுவதும் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதியும் இவரே.

1947இல் அச்சட்டம் நீங்கியபோது மேமி டேப் உயிரோடுதான் இருந்தார். அவருக்கு அப்போது எழுபது வயது கடந்திருந்தது.