ஆயுள் தண்டனையும் ஊராட்சி மன்றமும்: மேலவளவு வழக்கு காட்டும் பாடம்

ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டுதானே என்று நம் இளைஞர்கள் கேட்பதுண்டு. படித்துப் பட்டம் பெற்றோரும் அவ்வாறே எண்ணியிருக்கின்றனர். சட்டத்தில் அப்படி எங்கும் எழுதப்படவில்லை. காந்தியடிகள் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, தாம் ஈட்டிய தண்டனைக் குறைப்பு நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் தம் காலம் முடிந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றத்தை அணுகினார். ஆயுள் தண்டனை என்பது கைதியின் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் குறிக்கும் என்றும், அரசு ஆணையிட்டு விடுவித்தாலன்றி அது முடியாது என்றும் 1961-இல் அந்நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே பதினான்கு என்ற எண் பிறந்த கதை வேறு. கொலையாளிகள் சில ஆண்டுகளிலேயே வெளிவருவதைக் கண்ட நாடாளுமன்றம், 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்திற்காக ஆயுள் தண்டனை பெற்றவரைப் பதினான்கு ஆண்டுகளுக்குக் குறையாமல் சிறையில் வைத்திருக்கவேண்டும் என்பதே அதன் சாரம். அது கீழெல்லை, விடுதலைக்கான உரிமைச் சீட்டன்று. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அது 475-ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

ஆனால் இந்த வேலிக்கு ஒரு வாயில் உண்டு. அரசமைப்பின் 161-ஆம் உறுப்பு ஆளுநருக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தை அளிக்கிறது. அமைச்சரவையின் அறிவுரைப்படி அது இயங்கும். 433-அ பிரிவு செல்லும் என்று 1980-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அச்சட்டம் ஆளுநரின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தாது என்றும் கூறியது. அதே தீர்ப்பில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், தம் பிறந்தநாள் என்றோ தமக்கு மகன் பிறந்தான் என்றோ ஒரு முதலமைச்சர் சிறைக் கதவுகளைத் திறந்துவிடுவாரானால் அது அரசமைப்புக்கே இழுக்கு என்று எச்சரித்திருந்தார். மறைந்த தலைவர்களின் பிறந்தநாள் குறித்து அவர் ஒன்றும் சொல்லவில்லை!

இவ்வாயில் நமக்கு எவ்வாறு பொருளாகிறது என்பதை மேலவளவு வரலாறு உணர்த்தும். மேலவளவு நமக்கு அயலூரன்று. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் சாலையில் சென்று நம் மாவட்ட எல்லையைக் கடந்தால் வருவது மேலூர் வட்டம். அவ்வட்டத்தைச் சேர்ந்ததே அவ்வூர். 1985 செப்டம்பர் 15-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும்வரை, நாமும் அவ்வூராரும் மதுரை மாவட்டம் என்னும் ஒரே குடையின்கீழ் இருந்தவர்களே.

அரசமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. தாழ்த்தப்பட்டோருக்கு ஊராட்சித் தலைவர் பதவிகள் சுழற்சி முறையில் ஒதுக்கப்பட்டு, 1996-இல் தேர்தல் அறிவிக்கப்பட்டது. மேலவளவு தனி ஊராட்சியாயிற்று. வேட்புமனுத் தாக்கல் செய்த நம்மவர் மிரட்டப்பட்டு மனுக்களைத் திரும்பப் பெற்றனர், வீடுகள் தீயிடப்பட்டன. அக்டோபரில் நடந்திருக்கவேண்டிய தேர்தல் நடவாது போயிற்று. டிசம்பர் இறுதியில் மீண்டும் வாக்குப்பதிவு தொடங்கியபோது வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. பின்னர்க் காவல்துறையின் பலத்த பாதுகாப்பில் நடந்த தேர்தலில் கே. முருகேசன் தலைவரானார். தலைவரானாரே தவிர, ஊராட்சி மன்ற அலுவலகத்தில் அச்சமின்றி அமர்ந்து பணியாற்ற அவரால் இயலவில்லை. நாற்காலி சட்டத்தில் கிடைத்தது, ஊரில் கிடைக்கவில்லை.

1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கான இழப்பீடு குறித்து முறையிட முருகேசனும் உடன் சிலரும் மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்றனர். திரும்பும் வழியில், பட்டப்பகலில், அவர்கள் வந்த பேருந்து மேலவளவு அருகே மறிக்கப்பட்டது. முருகேசனும் துணைத் தலைவர் மூக்கனும் இன்னும் நால்வரும், ஆக அறுவர், வெட்டிக் கொல்லப்பட்டனர். முருகேசனின் தலை துண்டிக்கப்பட்டுக் கிணற்றில் வீசப்பட்டது. தேர்தலில் வென்ற குற்றமன்றி அவர்கள் செய்த குற்றம் வேறொன்றுமில்லை.

நாற்பது பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. உள்ளூர்ச் செல்வாக்கு சாட்சிகளைக் குலைத்துவிடும் என்ற அச்சத்தால் வழக்கு சேலத்திற்கு மாற்றப்பட்டது. சாட்சி சொன்ன ஏழை மக்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அத்தனை தொலைவு போய்வந்ததை நம் இளைஞர்கள் எண்ணிப்பார்க்கவேண்டும். வெண்மணியில் 1968-இல் 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில், கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டோரை உயர் நீதிமன்றம் விடுவித்ததை அறிந்த தலைமுறை அது. ஆயினும் அவர்கள் போனார்கள். 2001-இல் சேலம் அமர்வு நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது, ஏனையோர் விடுவிக்கப்பட்டனர். 2006-இல் உயர் நீதிமன்றமும் 2009-இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்தன.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அதுவே இக்கட்டுரையின் உயிர். பதினேழு பேரும் தண்டிக்கப்பட்டது இந்தியத் தண்டனைச் சட்டத்தின்கீழ்தான். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவர்கள் குற்றவாளிகளாகத் தீர்மானிக்கப்படவில்லை. கொலை செய்யப்பட்டவர் தாழ்த்தப்பட்டவர் என்பது போதாது, அவர் தாழ்த்தப்பட்டவர் என்ற ‘காரணத்தினாலேயே’ கொல்லப்பட்டார் என்பதை மெய்ப்பிக்கவேண்டும் என்றிருந்தது அன்றைய சட்டம். தனி ஊராட்சியின் தலைவரை, அவர் தலைவரானதற்காகவே கொன்ற வழக்கிலும் அந்தக் காரணம் நீதிமன்றத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை. எப்படியும் ஆயுள் தண்டனைதானே கிடைத்தது, எந்தச் சட்டமாயிருந்தால் என்ன என்று அப்போது பலர் அமைதியடைந்தனர். விடை பின்னர் கிடைத்தது.

2008 செப்டம்பரில் அண்ணா நூற்றாண்டை முன்னிட்டு ஏழாண்டு கழித்த ஆயுள் கைதிகள் உள்ளிட்ட 1,405 பேரைத் தமிழக அரசு விடுவித்தபோது, மேலவளவு வழக்கின் மூவரும் அவ்வாண்டிலேயே வெளிவந்தனர். மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் முடிவதற்கு முன்பே இது நிகழ்ந்தது. ஒருவர் இறந்துபோக, எஞ்சிய 13 பேரும் 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிய ஆணையின்கீழ் விடுவிக்கப்பட்டனர். ஆட்சிகள் மாறின, இவ்வழக்கில் இரு கழகங்களின் கையும் ஒரே பக்கமே நீண்டது. உயிரிழந்தோர் குடும்பத்தாரிடம் அரசு ஒரு சொல் கேட்கவில்லை. இவ்வழக்கில் நெடுங்காலம் பாடுபட்ட வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றோர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகினர். நீதிபதிகள் அரசை வினாக்களால் துளைத்தனர். ஆயினும் விடுதலை ரத்தாகவில்லை.

இதற்கிடையில் சட்டம் மாறியிருந்தது. 2015-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தை நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும். ‘காரணத்தினால்’ என்ற சொல் நீங்கி, தாழ்த்தப்பட்டவர் என்று ‘அறிந்திருந்து’ செய்தாலே போதும் என்றாயிற்று. ஊராட்சித் தலைவர், உறுப்பினர் ஆகியோரைக் கடமையாற்றவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் தனிக் குற்றமாக எழுதப்பட்டது. நாற்காலி மறுப்பதும் அலுவலகத்தைப் பூட்டிவைப்பதும் இனி ‘ஊர் வழக்கம்’ ஆகா, குற்றம். அனைத்துக்கும் மேலாக 15-அ என்னும் பிரிவு வந்தது. இச்சட்டத்தின்கீழான நடவடிக்கைகளில் பிணை, விடுதலை, பரோல், தண்டனை ஆகிய எதுவாயினும், பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் தம் தரப்பைச் சொல்லும் உரிமையை அது தருகிறது. இது வெறும் ஒப்புக்கு எழுதப்பட்டதன்று, கட்டாயமானது என்று 2021-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிற்று. ஆளுநரின் ஆணைக்கும் இது பொருந்துமா என்பதில் வாதம் எழலாம். ஆனால் ‘இச்சட்டத்தின்கீழ்’ என்ற சொற்களைக் கவனிக்க. முதல் தகவல் அறிக்கையில் அச்சட்டம் இடம்பெற்றுத் தீர்ப்புவரை நிலைத்தால்தான் அவ்வுரிமையை உறுதியாகக் கோரமுடியும்.

அவ்வாறாயின் பரோலும் முன்விடுதலையும் எவருக்கும் கூடாது என்று நாம் கேட்கலாமா? நம் கூட்டங்களில் அக்குரல் எழுகிறது. அதன் பின்னுள்ள வேதனையை நாம் அறிவோம். எனினும் நம் கருத்து வேறு. 2019-ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி, இந்தியச் சிறைகளிலுள்ள தண்டனைக் கைதிகளில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் தாழ்த்தப்பட்டோர். 2011 கணக்கெடுப்பில் நாட்டு மக்கள் தொகையில் நம் பங்கோ 16.6 விழுக்காடே. தாயின் ஈமச் சடங்கிற்கு வர இரண்டு நாள் விடுப்புக் கேட்டுக் காத்திருப்பவன் பெரும்பாலும் வக்கீல் வைக்க வழியற்ற நம் வீட்டுப் பிள்ளை. கதவை அடியோடு சாத்தினால் முதலில் உள்ளே அடைபடுபவன் அவனே. செல்வாக்குள்ளவனுக்கு இன்னொரு கதவு திறக்கும். ஆகவே நாம் கேட்கவேண்டியது, நாள் பார்த்து மொத்தமாக விடுவிக்கும் வழக்கம் ஒழிந்து ஒவ்வொரு கைதியும் தனித்தனியே ஆராயப்படவேண்டும், பாதிக்கப்பட்ட குடும்பம் கேட்கப்படவேண்டும் என்பதே. குஜராத்தில் பில்கிஸ் பானு வழக்கின் 11 பேர் 2022 ஆகஸ்டு 15-இல் விடுவிக்கப்பட்டதும், அந்தப் பெண்மணியே உச்ச நீதிமன்றம் சென்று 2024 ஜனவரியில் அவ்விடுதலையை ரத்துசெய்வித்ததும் நம் கண்முன் நிற்கின்றன.

இதில் ஊராட்சி செய்யக்கூடியது என்ன? ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களில் சிறையும் இல்லை, காவலும் இல்லை. தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ மன்றத்திற்கு அதிகாரமில்லை. ஆயினும் கைதிக்கு விடுப்போ முன்விடுதலையோ வழங்குமுன் நன்னடத்தை அலுவலரும் காவல்துறையும் அறிக்கை அளிக்கின்றனர். அவன் திரும்பினால் ஊர் அமைதி கெடுமா என்பதை ஊரில் விசாரித்தே எழுதவேண்டும். அவ்விசாரணை பெரிய வீட்டுத் திண்ணையோடு முடிந்துவிடாமல் நம் தெருவுக்கும் வரவேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட எந்தச் சட்டமும் தடையில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்திற்கொரு முறையேனும் கூடவேண்டிய கண்காணிப்புக் குழுவிலும் இதை வைக்கலாம். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் அமரும் குழு அது. நிலக்கோட்டைத் தனித்தொகுதி உறுப்பினரும் அவர்களுள் ஒருவர். வேடசந்தூர், ஆத்தூர், நிலக்கோட்டைப் பக்கங்களில் வழக்குடைய குடும்பம் எதுவாயினும், முதல் தகவல் அறிக்கையின் படியையும் தீர்ப்பு நகலையும் நம் கழக அலுவலகத்தில் ஒரு கோப்பில் வைத்தால், பரோல் மனு வரும் நாளில் எந்தப் பிரிவின்கீழ் நாம் பேசலாம் என்பதை உடனே எடுத்துக் காட்டமுடியும். சட்டம் பயிலும் நம் மாணவர்கள் இவ்வேலையை இவ்வாண்டிலேயே தொடங்கலாம்.