சசூன் கப்பல்துறை: பெயர்களும் பெயர்ப்பும்

மும்பையின் தென்கோடியில், கொலாபாவில் உள்ள சசூன் கப்பல்துறையின் வரலாறு மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க சில செய்திகளை உடையது. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பாவுடனான கடல்வழி சுருங்கிற்று. 1873இல் பம்பாய்த் துறைமுகப் பொறுப்புக் கழகம் தோன்றிற்று. பாக்தாதிலிருந்து வந்து குடியேறிய யூத வணிகக் குடும்பத்தினரான ஆல்பர்ட் அப்துல்லா சசூன் 1875இல் இத்துறையைக் கட்டுவித்தார். 1879இல் இது அரசின் கைக்கு மாறிற்று. 1880இல் பிரின்சு துறையும், 1914இல் இன்று இந்திரா துறை எனப்படும் அலெக்சாண்டிரா துறையும் அமைந்தன. பெருங்கப்பல்கள் அவற்றை நாட, சசூன் துறை காலப்போக்கில் மீன்பிடித் துறையாயிற்று.

இத்தகைய இடங்களைக் குறிக்க மராத்தியில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. பாரசீகத்திலிருந்து வந்த 'பந்தர்' துறைமுகம் முழுவதையும் குறிக்கும். 'கோதி' கப்பல் நின்று சரக்கேற்றும் கட்டப்பட்ட நீர்நிலையாகும். 'தக்கா' படகு அணையும் மேடையாகும். 'பாவுச்சா தக்கா' என்னும் இடப்பெயரில் இதனைக் காணலாம். மூன்றையும் 'துறைமுகம்' என்றே பெயர்ப்பின் இவ்வேறுபாடு மறைந்துவிடும். தமிழுக்கு இங்கு வறுமையில்லை. நீரில் இறங்குமிடத்தைக் குறித்த 'துறை' என்னும் சொல்லினின்றே துறைமுகம், கப்பல்துறை, இலங்கைத் தமிழில் வழங்கும் இறங்குதுறை ஆகியவை முறையே இம்மூன்றற்கும் அமைகின்றன. பதிற்றுப்பத்தில் வரும் 'பந்தர்' என்னும் ஊர்ப்பெயரைப் பாரசீகச் சொல்லோடு இணைப்பதற்கு ஒலியொப்புமை மட்டும் போதிய சான்றாகாது என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

2017இல் இங்கு நிகழ்ந்த கலைவிழாவில் பழைய கிடங்குகளும் சுவர்களும் ஓவியக்கூடமாயின. இத்தகைய மாற்றங்களைப் 'புத்துயிர்ப்பு' எனப் பெயர்த்தல் எளிது. ஆயின் அச்சொல், முன்னர் உயிர் நீங்கியிருந்தது என்னும் கருத்தைத் தன்னுள் கொண்டது. விடியற்காலையில் இத்துறைக்குச் சென்று நோக்குவார்க்கு அக்கருத்துப் பொருந்தாமை விளங்கும். படகுகளிலிருந்து மீன்கூடைகள் இறங்குகின்றன. கோலிப் பெண்கள் விலை பேசுகின்றனர். வேறு சில பெண்கள் அமர்ந்து இறால் உரிக்கின்றனர். இவர்தம் உழைப்பு இடையறாது நிகழ்ந்து வருவது. 'சீரமைப்பு' என்பது கட்டடங்களுக்குப் பொருந்தும். மாந்தர்க்கு உரிமை கோராது. தாராவியையும் மாதுங்காவையும் செம்பூரையும் வாழிடமாகக் கொண்ட தமிழ் மொழிபெயர்ப்பாளர், நகர்த்திட்ட ஆவணங்களைப் பெயர்க்குங்கால் இவ்வேறுபாட்டைப் போற்றுதல் வேண்டும். உழைப்போர் இருக்கும் இடத்தை வெற்றிடமாகக் காட்டும் சொல், நாளடைவில் அவர்களை அகற்றுதற்கும் துணைபோகக்கூடும்.